எழுத்தில் பதில் வாங்குவது எப்படி? நாடாளுமன்றக் கேள்விகளுக்கு ஒரு வழிகாட்டி

மக்களவை கூடும் ஒவ்வொரு நாளுக்கும் 250 கேள்விகள் வரை பட்டியலிடப்படுகின்றன. அவற்றில் 20 மட்டுமே நட்சத்திரக் குறி பெற்றவை. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்வார், உறுப்பினர்கள் துணைக்கேள்வி கேட்பார்கள், தொலைக்காட்சியில் வரும். அந்த 20இலும் கேள்வி நேரம் முடிவதற்குள் ஐந்தாறைத் தாண்டுவது அபூர்வம். மீதி 230 நட்சத்திரமிடாத கேள்விகள். அவற்றுக்கு அமைச்சகம் எழுத்தில் பதில் தரும், அது அவை மேசையில் வைக்கப்படும், அத்தோடு சரி. மாநிலங்களவையில் நட்சத்திரக் கேள்விகள் 15, நட்சத்திரமிடாதவை 160.

புதிதாக வரும் உறுப்பினர்களும் அவர்களுடைய உதவியாளர்களும் நட்சத்திரக் கேள்விக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். துறையிடமிருந்து கணக்கு வாங்குவதுதான் நோக்கம் என்றால் நட்சத்திரமிடாத கேள்வியே கைகொடுக்கும். அவையில் அமளி நடந்து கேள்வி நேரம் அடிபட்டுப் போனாலும் எழுத்துப் பதில் வந்துசேரும். 2020 செப்டம்பரில் கோவிட் காரணமாகக் கேள்வி நேரமே இல்லாமல் கூடிய கூட்டத்தொடரிலும் இந்தப் பதில்கள் நிற்கவில்லை. பேச்சு காற்றோடு போய்விடும். அமைச்சர் பெயரில் வந்த தாளை இரண்டு வருடம் கழித்தும் எடுத்துக் காட்டலாம்.

உறுப்பினர் அலுவலகத்தில் கேள்வி தயாரிக்கும் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கும், ஒரு பிரச்சினையை எம்பி மூலம் கேட்க நினைக்கும் அமைப்புகளுக்கும் கீழே உள்ளது பயன்படும்.

முதலில் வாசல் சரியா என்று பாருங்கள்

கேள்வி எந்த அமைச்சகத்துக்குப் போகவேண்டும் என்பதை ஊகத்தில் முடிவு செய்யக்கூடாது. 1961ஆம் ஆண்டின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளில் ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் துறைக்கும் உரிய பொருள்கள் வரிசையாக இருக்கின்றன. அதைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். தவறான அமைச்சகத்துக்கு அனுப்பினால் கேள்வி உரிய அமைச்சகத்துக்கு மாற்றப்படலாம். ஆனால் அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை குழுவுக்கு ஒரு நாள் என்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அமைச்சகம் மாறினால் நாளும் மாறும், சில நேரம் கூட்டத்தொடரே முடிந்துவிடும்.

அடுத்தது மாநிலப் பொருள் என்ற சுவர். காவல், பொதுச் சுகாதாரம், நிலம் போன்றவை அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருப்பவை. 'எங்கள் மாவட்ட மருத்துவமனையில் ஏன் மருத்துவர் இல்லை?' என்று கேட்டால் நோட்டீஸ் (கேள்வியை முன்கூட்டியே அவைக்கு எழுதிக் கொடுப்பது) தள்ளுபடியாகும், அல்லது 'சுகாதாரம் மாநிலப் பொருள்' என்று ஒரு வரி வரும். பணம் போன வழியைப் பிடித்தால் இந்தச் சுவரைத் தாண்டலாம். ஒன்றிய அரசு நிதி தரும் திட்டம் என்றால் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு விடுவித்தார்கள், பணத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழை மாநிலம் கொடுத்ததா, எந்தத் தேதியில் கொடுத்தது என்பதெல்லாம் ஒன்றிய அமைச்சகத்தின் கோப்பிலேயே கிடக்கும். அதைச் சொல்ல மறுக்க முகாந்திரம் இல்லை.

பழைய பதில்களைத் தேடாமல் எழுத உட்காராதீர்கள்

இரு அவைகளின் கேள்வி பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கின்றன. அமைச்சகம், உறுப்பினர், தேதி, சொல் என்று பல வழிகளில் தேடலாம். ஏற்கெனவே பதில் சொன்னதையே சாரத்தில் திரும்பக் கேட்கும் கேள்வி விதிப்படி ஏற்கப்படாது என்பது தேடுவதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது: அமைச்சகம் எந்தத் தரவை, எந்த வடிவத்தில் வைத்திருக்கிறது என்பதைப் பழைய பதிலின் இணைப்பு அட்டவணை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் மாநில வாரியாகக் கொடுத்தவர்கள் இந்த வருடம் 'அப்படித் தரவு பராமரிக்கப்படுவதில்லை' என்று சொல்ல முடியாது.

பதிலைச் சேமிக்கும்போது கேள்வி எண்ணோடு தேதியையும் அவையின் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். கேள்வி எண்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. வெறும் எண்ணை வைத்துக்கொண்டு பிறகு தேடினால் நாலைந்து வேறு பதில்கள் வந்து நிற்கும்.

எழுதும் முறை

மக்களவை விதி 41 எவையெல்லாம் கேள்வி ஆகாது என்று நீளமாகப் பட்டியலிடுகிறது. அன்றாட வேலையில் அடிக்கடி இடறுபவை இவை: சாதாரணமாகக் கேள்வி 150 சொற்களைத் தாண்டக்கூடாது. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டுத் தொனி, அடைமொழி கூடாது. கருத்துக் கேட்கக்கூடாது. 'ஒருவேளை இப்படி நடந்தால்' என்ற கற்பனை கூடாது. நீதிமன்ற விசாரணையில் இருப்பதையோ நாடாளுமன்றக் குழு ஆராய்ந்துகொண்டிருப்பதையோ கேட்கக்கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் இருப்பதைக் கேட்கக்கூடாது. அமைச்சரவை விவாதங்களைக் கேட்கவே கூடாது.

புதியவர் எழுதும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

'பட்டியல் சாதி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை முறையாகச் சென்றடையாததால் ஏழை மாணவர்கள் படிப்பைக் கைவிடும் அவலம் அரசுக்குத் தெரியுமா? தெரியுமெனில் அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன?'

உணர்ச்சி சரிதான், ஆனால் கேள்வி உதவாது. 'அவலம்' என்ற சொல்லை மக்களவைச் செயலகம் வெட்டிவிடும். மிச்சத்துக்கு அமைச்சகம் திட்டத்தின் வரலாறு, நோக்கம், இணையதள வசதி, கண்காணிப்புக் குழு என்று ஒன்றரைப் பக்கம் அனுப்பும். 'எடுத்த நடவடிக்கைகள் என்ன' என்பது அதிகாரிகளுக்கு மிகவும் பிடித்த பகுதி. கையிருப்பில் இருக்கும் பத்தியை அப்படியே ஒட்டிவிடலாம்.

அதே விஷயத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டத்தில், சமூக நீதி அமைச்சர் தெரிவிக்க வேண்டுவது:

(அ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒன்றியப் பங்காக ஒதுக்கிய தொகையும் உண்மையில் விடுவித்த தொகையும், ஆண்டு வாரியாக, மாநில வாரியாக;

(ஆ) அதே ஆண்டுகளில் சரிபார்ப்பு முடிந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கையும், ஒன்றியப் பங்கு வங்கிக் கணக்கில் சேர்ந்த மாணவர்களின் எண்ணிக்கையும்;

(இ) சரிபார்ப்பு முடிந்தும் நிதியாண்டு முடிவுக்குள் பணம் சேராத மாணவர்களின் எண்ணிக்கை, மாநில வாரியாக;

(ஈ) அவர்களில் மாநிலப் பங்கு செலுத்தப்படாததால் நின்றவர்கள் எத்தனை பேர், வங்கிக் கணக்கு அல்லது ஆதார் இணைப்புக் கோளாறால் நின்றவர்கள் எத்தனை பேர்;

(உ) அந்த நிலுவையைத் தீர்க்க நிர்ணயித்த தேதி.

(அ) பகுதியில் ஒதுக்கீடும் விடுவிப்பும் தனித்தனியாகக் கேட்கப்பட்டிருப்பது முக்கியம். 'நிதி எவ்வளவு?' என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டில் பெரிய தொகை எதுவோ அதுதான் வரும். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றும் மூன்று வேறு எண்கள் என்பதை மறக்காதீர்கள். (ஆ)வும் (இ)யும் ஒன்றையொன்று சரிபார்க்கும். முதலாவதில் உள்ள இரு எண்களைக் கழித்தால் வருவதும் இரண்டாவதில் மாநில எண்களைக் கூட்டினால் வருவதும் ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த கேள்வி தானாகக் கிடைத்துவிட்டது.

(ஈ) இந்தத் திட்டத்தின் கட்டமைப்பைத் தெரிந்துகொண்டு எழுதியது. பெரும்பாலான மாநிலங்களுக்குச் செலவு 60:40 என்று பிரிகிறது. மாநிலம் தன் 40 சதவீதத்தைச் செலுத்திய பிறகுதான் ஒன்றியத்தின் 60 சதவீதம் நேராக மாணவர் கணக்குக்குப் போகும். 'தாமதத்துக்குக் காரணம் என்ன?' என்று மட்டும் கேட்டால் 'மாநிலங்களின் தாமதம்' என்று சொல்லித் தப்பிக்கலாம். காரண வாரியாக எண் கேட்டால் பழி யார்மேல் எவ்வளவு என்பது எண்ணாகவே வரும். அது உங்கள் சொந்த மாநில அரசுக்கு எதிராகவும் அமையலாம், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிடும் பேராசையும் கேள்வியைக் கெடுக்கும். இருபது வருடத் தரவை மாவட்ட வாரியாகக் கேட்டால், 'தகவலைத் திரட்ட ஆகும் நேரமும் உழைப்பும் கிடைக்கும் பலனுக்கு ஈடாகாது' என்ற பதில் வரும், அதில் நியாயமும் உண்டு. மூன்று ஆண்டு, மாநில வாரி என்பது பெரும்பாலும் தாங்கும் அளவு. மாவட்ட வாரி வேண்டுமென்றால் ஒரு மாநிலத்தோடு, ஓர் ஆண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ், நாள்கள், குலுக்கல்

நோட்டீஸ் முழுதாக 15 நாள்களுக்கு முன் போக வேண்டும். கொடுக்கும் நாளும் பதில் வரும் நாளும் கணக்கில் சேராது. 21ஆம் தேதி பதில் வரவேண்டும் என்றால் 5ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். எந்த அமைச்சகத்துக்கு எந்த நாள், அந்த நாளுக்குக் கடைசித் தேதி எது என்ற அட்டவணை ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன்பே உறுப்பினர்களுக்கு வந்துவிடும். அதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவதுதான் இந்த வேலையில் சேர்ந்தவர் செய்யவேண்டிய முதல் காரியம். உண்மையிலேயே அவசரம் என்றால் குறுகிய கால நோட்டீஸ் கேள்வி என்று ஒரு வழி உண்டு. அதற்கு அமைச்சரின் சம்மதம் வேண்டியிருப்பதால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

வந்த நோட்டீஸ்கள் குலுக்கலில் முன்னுரிமை பெறுகின்றன. ஓர் உறுப்பினருக்கு ஒரு நாளில் ஐந்து கேள்விகளுக்கு மேல் பட்டியலில் இடம் கிடைக்காது. அதில் நட்சத்திரம் ஒன்றுதான். எனவே ஒரே கேள்வியை நம்பியிருக்கக்கூடாது. ஒரு விஷயத்தின் வெவ்வேறு முனைகளை வெவ்வேறு வாரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பயன் தரும். வேறு உறுப்பினர்கள் இதே பொருளில் கேட்டிருந்தால் பெயர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கிவிடுவார்கள். அப்போது உங்கள் வாசகம் மறைந்து பொது வாசகம் நிற்கக்கூடும்.

நோட்டீஸ் கொடுத்த உற்சாகத்தில் அதைச் சமூக ஊடகத்தில் போட்டுவிடாதீர்கள். பதில் அவையில் வரும் நாள் வரை கேள்வி நோட்டீஸுக்கு விளம்பரம் கொடுக்கக்கூடாது என்று மக்களவை விதி 334அ சொல்கிறது. பதிலையும் அவையில் வைக்கப்படும் முன் வெளியிடக்கூடாது.

கடவுச்சொல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நோட்டீஸ்கள் இப்போது இணையவழியில், உறுப்பினரின் கணக்கிலிருந்து போகின்றன. வரைவை யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம், ஆனால் கணக்குக்குள் நுழைந்து அனுப்புவது உறுப்பினரின் வேலை. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். 2023 டிசம்பரில் மக்களவையிலிருந்து ஓர் உறுப்பினர் நீக்கப்பட்டபோது, நெறிமுறைக் குழுவின் அறிக்கையில் முக்கியமாக இடம்பெற்றது கடவுச்சொல்லை வெளியாளிடம் கொடுத்ததுதான். 'நீங்களே அனுப்பிவிடுங்கள்' என்று உறுப்பினர் சொன்னாலும் உதவியாளர் மறுக்கத்தான் வேண்டும். வெளி அமைப்பு கொடுத்த வரைவு என்றால், அந்த விஷயத்தில் அவர்களுக்கு வியாபார லாபம் உண்டா என்பதையும் விசாரித்துவிட்டு மேலே போங்கள்.

வந்த பதிலைப் படிப்பது

பதில் வந்ததும் முதலில் செய்யவேண்டியது, கேள்வியின் பகுதிகளை ஒரு பக்கமும் பதிலின் பகுதிகளை எதிர்ப்பக்கமும் எழுதிக் கோடு போடுவது. '(அ) முதல் (உ) வரை' என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஒரே பதில் வந்திருந்தால் ஏதோ ஒரு பகுதி விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் அது நீங்கள் உண்மையிலேயே கேட்க நினைத்த பகுதியாகவே இருக்கும். நீண்ட பத்திகளைத் தள்ளிவிட்டு எண், தேதி, ஆணையின் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடுங்கள்.

சொற்களை நிறுத்திப் படிக்க இரண்டு பதில்கள் நல்ல பாடம். 2020 செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கின்போது ஊர் திரும்பிய வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றி மக்களவையில் கேட்கப்பட்டது. தொழிலாளர் அமைச்சகம் அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை என்றது. இழப்பீடு பற்றிய பகுதிக்கு, முந்தைய பதிலைக் கருதி 'கேள்வி எழவில்லை' என்றது. பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதைத் தட்டியதும் மேலே உள்ளதும் சரிந்துவிடுகிறது. ஒவ்வொரு பகுதியும் தனியாக நிற்கும்படி எழுதவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 'இழப்பீடு வழங்கப்பட்டதா?' என்பதற்குப் பதிலாக, 'ஊரடங்குக் காலத்தில் இறந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு எந்தெந்தத் தலைப்பின்கீழ் எவ்வளவு தொகை வழங்கப்பட்டது?' என்று கேட்டால் அது முந்தைய பகுதியைச் சார்ந்து நிற்காது.

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் சுகாதார அமைச்சகம், ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணம் என்று மாநிலங்கள் 'குறிப்பாக'த் தெரிவிக்கவில்லை என்று எழுத்தில் பதில் தந்தது. மரணம் நடக்கவில்லை என்று அந்தப் பதில் சொல்லவில்லை. மாநிலங்கள் அப்படிப் பிரித்து அனுப்பவில்லை என்றுதான் சொன்னது. நாடே கொதித்தது. கேள்வி தயாரிப்பவர் அங்கே பார்க்கவேண்டியது வேறு: மாநிலங்கள் மரணக் கணக்கை அனுப்பும் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்ததா? அப்படி அனுப்பச் சொல்லி எந்தத் தேதியில் கடிதம் போனது? எந்தெந்த மாநிலம் என்ன பதில் எழுதியது? 'தரவு இல்லை' என்று வந்தால், தரவைக் கேட்டீர்களா என்பதே அடுத்த கேள்வி. அதற்கு ஆம், இல்லை இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பதிலுக்குப் பிறகு

எழுத்துப் பதிலுக்குத் துணைக்கேள்வி கிடையாது என்பதால் பலர் இங்கேயே கோப்பை மூடிவிடுகிறார்கள். திறந்திருக்கும் வழிகள் நாலைந்து உண்டு.

'பரிசீலனையில் இருக்கிறது', 'தகவல் திரட்டப்படுகிறது, அவை மேசையில் வைக்கப்படும்' போன்ற வாசகங்கள் வெறும் சமாளிப்பு அல்ல. அவை அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழிகளாகப் பதிவாகக்கூடியவை. உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றவேண்டும், இல்லையேல் கால நீட்டிப்புக் கேட்கவேண்டும். இதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. உங்கள் பதிலில் இருந்த வாசகம் உறுதிமொழியாகக் குறிக்கப்பட்டதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் உறுப்பினர் குழுவுக்குக் கடிதம் எழுதலாம். மூன்று மாதம் முடியும் தேதியை நாட்காட்டியில் அன்றைக்கே குறித்துவிடவேண்டும். பல உறுதிமொழிகள் ஆண்டுக்கணக்கில் தூங்குவதற்குக் கேட்டவரே மறந்துபோவதும் ஒரு காரணம்.

பதிலில் உண்மைப் பிழை இருந்தால் மக்களவையில் சபாநாயகரின் வழிகாட்டுதல் 115இன்படி ஆதாரத்தோடு சபாநாயகருக்கு எழுதலாம். ஆதாரம் என்பது அதே அரசின் ஆவணமாக இருந்தால் நல்லது: வேறொரு பதில், பட்ஜெட் ஆவணம், தணிக்கை அறிக்கை. செய்தித்தாள் துணுக்கை மட்டும் வைத்துக்கொண்டு போனால் எடுபடாது. அவையின் உரிமையை மீறியதாகப் புகார் கொடுக்கும் உரிமை மீறல் வரை போவதற்கு, தெரிந்தே தவறான தகவல் தரப்பட்டது என்று காட்டவேண்டும். அது மிகக் கடினம், ஆகவே அந்த மிரட்டலைச் சும்மா வீசக்கூடாது.

பொது முக்கியத்துவம் உள்ள விஷயம் என்றால் மக்களவை விதி 55இன்கீழ் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். நட்சத்திரமிடாத கேள்வியின் பதிலிலிருந்தும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்று நாள் முன்பு நோட்டீஸ், காரணக் குறிப்போடு கொடுக்கவேண்டும்.

கேள்வியிலிருந்து ஒரு விவகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய உதாரணம் முந்த்ரா விவகாரம். தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் எல்ஐசி பணம் போட்டது பற்றி 1957இல் மக்களவையில் கேள்விகள் எழுந்தன. ஆளும் காங்கிரஸின் உறுப்பினரான பெரோஸ் காந்தி ஆவணங்களோடு அதை விடாமல் தொடர்ந்தார். நீதிபதி சக்லா தலைமையில் விசாரணை வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். எல்லாக் கேள்வியும் அங்கே போய் நிற்காது, பெரும்பாலானவை ஓர் அட்டவணையோடு முடியும். அந்த அட்டவணைதான் அடுத்த கூட்டத்தொடருக்கான மூலப்பொருள்.

ஆகவே ஓர் எக்செல் தாள் தொடங்குங்கள்: அவை, கேள்வி எண், தேதி, அமைச்சகம், பகுதி வாரியாக வந்தது என்ன, வராதது என்ன, உறுதிமொழி உண்டா, அதன் கெடு எப்போது. இணைப்பு அட்டவணைகள் பிடிஎஃப் வடிவில், சில நேரம் வெறும் படமாக வரும். எண்களைக் கையால் தட்டி ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றிய பின் கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள், அமைச்சகத்தின் கூட்டலே தவறாக இருப்பதும் உண்டு. வராத பகுதிக்கு இரண்டு வேலைகள். ஒன்று, அதைத் தனிக் கேள்வியாக்கி அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்துக்கு வைப்பது. இன்னொன்று, அமைச்சகம் அந்தப் பதிலைத் தயாரித்த கோப்பின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பது. கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். மாநிலங்களிலிருந்து வந்து சேர்ந்தும் பதிலில் ஏறாமல் போன எண்கள் அந்தக் கோப்பில் இருக்கலாம்.